இருபது என்று வெட்டிய கல்

சின்னப்பனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல லூர்து எழுதுவது. எழுத்து உன் தங்கச்சியுடையது, சொல் என்னுடையது. நான் பேசுகிறபடியே எழுதினால் நன்றாக இருக்காது என்று அவள் பள்ளிக்கூடத் தமிழில் மாற்றிப் போடுகிறாள். போடட்டும். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். முதலில் நலம் விசாரிக்க வேண்டுமாம், அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை கண்ணு. நீ மலைமேல் இருக்கும் பட்டாளப் பயிற்சி முகாமுக்குப் போய் இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. உன் அப்பா மில் கேட்டில் ராத்திரிக் காவலுக்குப் போன பிறகுதான் இதை எழுத முடிகிறது. இது மூன்றாவது ராத்திரி. தெருவில் சைக்கிள் சத்தம் கேட்டால் லூர்து தாளைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். சத்தம் போன பிறகு எழுந்து, எங்கே விட்டேன் என்று கேட்கிறாள். அதனால் சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பேன், அங்கங்கே எழுத்தும் கோணியிருக்கும். அவளைத் திட்டாதே.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை. பதினாறு முடிந்து இரண்டரை மாதம்தான் ஆகிறது. நீ பொய் சொல்லிப் பட்டாளத்தில் சேரவில்லை, அது எனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடச் சான்றிதழில் என்ன இருந்ததோ அதை நம்பினாய். அங்கே இருந்த பொய் நான் வைத்தது.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறந்த தேதியை யாரும் கேட்கமாட்டார்கள். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது, எட்டாவிட்டால் அடுத்த வருடம் வா. நான் மில்லில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பகுதியில் வேலை பார்த்தேன். மில்லில் கைக்குழந்தைகளுக்கு ஒரு தொட்டில் கொட்டகை உண்டு. அதில் லூர்தைப் போட்டிருந்தேன். மூன்று வயது தாண்டிய உன்னை ஆயா உள்ளே விடவில்லை. உன்னை வீட்டில் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போன நாட்களும் உண்டு. சாயங்காலம் வந்து திறந்தால் கதவருகிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பாய். உனக்கு நீளக் கை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. ஒரு மாதம் தினமும் காலையில் கஞ்சி ஊற்றும் முன் உன் கையைத் தலைக்கு மேல் இழுத்து இழுத்துப் பழக்கினேன். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் விரல் இன்னும் ஓர் அங்குலம் எட்டும் என்று கண்டுபிடித்ததும் நான்தான். நீ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாய்.

தலைமையாசிரியர் முன்னால் நின்று தொட்டுக் காட்டினாய். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "ஏனுங்கம்மா, பையன் தலையைச் சாய்க்கிறானே?" என்றார்.

"கூச்சமுங்க சார். எப்பவுமே அப்படித்தானுங்க நிப்பான்."

"பல்லெல்லாம் பால் பல்லா இருக்குது."

"எங்கூட்டுல எல்லாத்துக்கும் லேட்டாத்தானுங்க விழுகும்."

அவர் நம்பவில்லை. ஆனாலும் எழுதினார். ஐந்து தாண்டிச் சில மாதம் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற வருடத்தின் ஜனவரி முதல் நாளையே உன் பிறந்த நாளாக வைத்தார். அவரிடம் சேர்ந்த பாதிப் பிள்ளைகளுக்கு அதே நாள்தான். உனக்கு அன்று மூன்றரை வயது. அன்று மத்தியானமே நான் வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு வருடம் என்னடா பெரிய விஷயம் என்று நீ கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த இரண்டு வருடத்தை உன் தலையில் ஏற்றி வைத்தது யாருக்கும் பாரமாகத் தெரியவில்லை, நீ பட்டாளத்தில் ஆள் எடுக்கிற வரிசையில் போய் நிற்கும் வரைக்கும்.

நாலு நாள் முன்பு உன் முகாமிலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. லூர்து பிரித்து வாசித்தாள். பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், மதம், வயது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். உன் அப்பா, "ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போய்ட்டு வந்து போடறேன், அது வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லி அலமாரி மேல் வைத்தார். இதே கேள்விகளை இதே வரிசையில் நான் முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அந்தத் தடவை அவர்கள் கேட்டது கல்லறைக்காக. இருக்கிற பிள்ளைக்கும் செத்த பிள்ளைக்கும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அன்றைக்குத்தான் உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உனக்கு ஓர் அண்ணன் இருந்தான், அருளப்பன் என்று பெயர், இத்தாலி தேசத்தில் சண்டையில் செத்துப்போனான் என்று சொல்லித்தான் உங்கள் இருவரையும் வளர்த்தோம். அது பாதி நிஜம். உனக்கு இரண்டு அண்ணன்மார். மூத்தவன்தான் அருளப்பன். அவன் பத்து மாதக் குழந்தையாக இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டான். நம் கோயில் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் இருக்கும் சின்ன மரச்சிலுவை அவனுடையது. அவனுக்கு மூன்று வருடம் கழித்துப் பிறந்தவன் இரண்டாமவன். அவன் பெயர் சின்னப்பன். ஆமாம், உன் பெயர்தான். சண்டைக்குப் போனது அவன்.

அவனும் உன்னைப் போலத்தான், உயரம். பதினைந்து வயதில் அப்பாவை விட உயரமாக நின்றான். மில்லில் பஞ்சுத் தூசியில் நின்று இருமிக்கொண்டிருந்தான். அரிசிக்கு வரிசையில் நின்று பாதி நாள் வெறும் கையோடு வருகிற காலம் அது. வெள்ளைக்காரன் சண்டைக்கு ஆள் எடுக்கிறான் என்று ஊர் ஊராகத் தண்டோரா போட்டார்கள். உன் அப்பா ஒருநாள், "ஏப்புள்ள, பையன் இங்கே இருந்தா இருமியே போயிருவான். அங்கே மூணு வேளை சோறு போடறாங்களாம், ரெண்டு ஜோடி பூட்ஸ் தாராங்களாம்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் அந்த மூன்று வேளைச் சோற்றைத்தான் நினைத்தேன். ஆனால் பதினெட்டு ஆகியிருக்க வேண்டுமே. உன் அப்பாவுக்கு ஒரு வழி தெரிந்தது. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகளின் பெயர் ஒரு புத்தகத்தில் இருக்கும், புதைத்தவர்களின் பெயர் வேறொரு புத்தகத்தில் இருக்கும். சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறவர் ஒன்றைத் திறந்தால் மற்றொன்றைத் திறப்பதில்லை. அருளப்பனின் ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி வந்தார். அதன்படி அருளப்பனுக்குப் பதினெட்டு வயது. அதைச் சின்னப்பன் கையில் கொடுத்து, "இன்னையிலிருந்து நீ அருளப்பன். யார் கேட்டாலும் அதான்" என்றார்.

"செத்துப்போனவன் பேரு எனக்கு வேண்டாமுங்கப்பா" என்றான் அவன்.

"பேருல என்னடா இருக்குது? திரும்பி வந்தா பழைய பேரை வெச்சுக்கோ."

அவன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன். உனக்குச் சொல்கிறேன் கேள், பிள்ளை நம்மைப் பார்க்கும்போது வேறு பக்கம் திரும்பாதே. உனக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளைகள் பிறக்கும். அவர்கள் பார்க்கும்போது நீயும் பார். பதில் தெரியாவிட்டாலும் பார்.

பெங்களூரில் பாலம் கட்டுகிற பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கடைசியில் அருளப்பன் என்றுதான் எழுதியிருந்தான். எனக்கு அப்போது வாசித்துக் காட்டியவர் நம் கோயில் உபதேசியார், பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் சொல்லிக்கொடுத்தவர். அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். "அம்மா, காலையில் பெயர் கூப்பிடுகிறார்கள். அருளப்பன் என்று கூப்பிட்டால் நான்தான் என்று எனக்கு உடனே தோன்றுவதில்லை. பக்கத்தில் நிற்கிறவன் இடித்த பிறகுதான் பதில் சொல்கிறேன். திமிர் என்று நினைத்து மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்கிறார்கள். துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். நேற்று இரண்டு தடவை விழுந்துவிட்டேன். எப்படியாவது என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்." இவ்வளவுதான். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் கோயில் சாமியாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சின்னப்பனின் உண்மையான சான்றிதழைத் தம் கையாலேயே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். வயது நிறையாத பையனைத் தாய் தகப்பன் அத்தாட்சியோடு கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவன் கப்பலேறும் முன்பே இதை அனுப்பிவிடு அம்மா என்றார். வீட்டுக்குக் கொண்டு வந்தேன். உன் அப்பா பார்த்துவிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். முகம் வெளுத்துப்போய், மெதுவாகத்தான் பேசினார். "இதை அனுப்பினா பையன் வந்துருவான். அப்பறம் செத்த குழந்தை பேருல சர்க்காரை ஏமாத்துனதுக்கு என்னை உள்ளே வெப்பாங்க. அவனையும் உடமாட்டாங்க. ரெண்டு பேரும் ஜெயில்ல கெடக்கோணுமா, நீயே சொல்லு." எனக்குப் போலீஸ்காரன் என்றாலே பயம். சான்றிதழைப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் வைத்தேன். அடுத்த வாரம் அனுப்பலாம் என்று நினைத்தேன். அதற்கும் அடுத்த வாரம் என்று நினைத்தேன். நாலு மாதம் போன பிறகு கப்பலேறப் போவதாக ஒரு கார்டு வந்தது.

அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தந்தி வந்தது. ஆற்றில் பாலம் போடும்போது குண்டு விழுந்ததாம். தந்தியிலும் அருளப்பன் என்றுதான் இருந்தது. தந்தி கொண்டு வந்தவன், "அருளப்பன் அம்மா நீங்கதானுங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வேறு வீடு போல என்று திரும்பிப் போகப் பார்த்தான். உன் அப்பாதான் ஓடிப்போய்க் கூப்பிட்டார்.

அந்த அழுகையில் ஒரு கொடுமை உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் எதிரில் இருந்தவரை நான் சின்னப்பா என்று கத்தி அழ முடியவில்லை. அவன் நிஜப் பெயர் தெருவில் சிலருக்குத் தெரியும், புதிதாகக் குடிவந்த பலருக்குத் தெரியாது. பூசை வைத்தபோது சாமியார் மட்டும் ஒரே ஒரு தடவை அவன் சொந்தப் பெயரைச் சொன்னார், ரொம்ப மெதுவாக.

சண்டை முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. ஒரு பழுப்பு உறை வந்தது. சண்டையில் செத்தவர்களுக்குக் கல் நாட்டுகிற ஆபீஸாம், சீமையில் இருக்கிறதாம். நம் பிள்ளையைப் போலவே லட்சம் பேர், எல்லோருக்கும் ஒரே அளவுக் கல், அதிகாரிக்கும் அதே கல் சிப்பாய்க்கும் அதே கல் என்று உபதேசியார் வாசித்துச் சொன்னார். நம் வீட்டில்தான் உட்கார்ந்து வாசித்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன்.

"செத்தப்ப வயசு இருபதுன்னு அவங்க புஸ்தகத்துல இருக்குதாம். சேர்ந்தப்ப சொன்ன வயசுல இருந்து கணக்குப் போட்டிருக்காங்க. சரியா தப்பான்னு ஊட்டுக்காரங்களைக் கேக்கறாங்க" என்றார் உபதேசியார்.

"சரிதானுங்க" என்றார் உன் அப்பா.

உபதேசியார் தாளை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். சின்னப்பன் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே. "அம்மணி, நீங்க என்ன சொல்றீங்க? அவங்களா எந்த வயசையும் போடறதில்லை போலிருக்குது. ஊட்டுல சொல்றதைத்தான் கல்லுல வெட்டறாங்க. பதினேழுன்னு எழுதினா பதினேழுன்னு வெட்டுவாங்க. தெரியாதுன்னு எழுதினா வயசே இல்லாம உட்டுருவாங்க. அப்படியும் நெறைய கல்லு இருக்குமாட்ட இருக்குது."

"இருபதுன்னு எழுதுங்க" என்றார் உன் அப்பா. "வயசை மாத்துனா ஏன்னு கேப்பாங்க. பேரு எப்படின்னு கேப்பாங்க. முடிஞ்சுபோச்சு, உட்டுருங்க."

"நான் அம்மணியைக் கேட்டனுங்க."

எனக்குப் பதினேழு என்று சொல்லத் தெரியும். சின்னப்பன் என்று சொல்லத் தெரியும். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம், அதில் யாருக்கு என்ன ஜெயில்? நான் பேசவில்லை. உபதேசியார் பெருமூச்சு விட்டு மை டப்பாவைத் திறந்தார். உன் அப்பா கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் என் கட்டைவிரலைப் பிடித்து வைத்தார்கள். பிடித்து வைத்தார்கள் என்று சொல்வதும் பொய். நானே வைத்தேன்.

மறு வருடமோ அதற்கு அடுத்த வருடமோ ஒரு போட்டோ வந்தது. பொம்மைகளை அடுக்கி வைத்த மாதிரி வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். முன்னால் ஒரு கல், அதில் சிலுவை, சிலுவைக்குக் கீழே எழுத்து. எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். சிட்டம் எண்ணிப் பலகையில் எழுதிப் பழகியதால் எண் மட்டும் தெரியும். இரண்டும் பூஜ்யமும் கல்லில் தெளிவாக இருந்தன. அழகாகத்தான் வெட்டியிருந்தார்கள். அந்தக் கல் பத்து மாதத்தில் போனவனுக்கும் இல்லை, பதினேழு வயதில் போனவனுக்கும் இல்லை. அருளப்பன் என்று இருபது வயதுப் பையன் எவனும் என் வயிற்றில் பிறக்கவே இல்லை. அந்த ஊர்க்காரர்கள் பூ வைத்துவிட்டுப் போனால் யாருக்கு வைத்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன். உன் அப்பா அந்தப் போட்டோவை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அன்று ராத்திரிச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. அவரை நீ வெறுத்துவிடாதே. பயந்த மனுஷன். நானும் அவ்வளவுக்குப் பயந்தவள்தான், அவர் சொன்னதால் செய்தேன் என்று சொல்லிச் சொல்லி என் பங்கை அவர் தலையில் போட்டுவந்தேன்.

நீ பிறந்தபோது சின்னப்பன் என்று வைக்கச் சொன்னது நான்தான். அந்தப் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட எனக்கு ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. தெருவில் விளையாடுகிற உன்னை ஒரு தடவைக்கு நாலு தடவை கூப்பிடுவேன். நீ எரிச்சலாக, "காது கேக்குதுங்கம்மா, ஒருக்கா கூப்பிட்டாப் போதும்" என்பாய். நான் உன்னைக் கூப்பிட்டது பாதி, அவனைக் கூப்பிட்டது பாதி. அதற்காகவும் என்னை மன்னித்துவிடு. செத்தவன் பெயரைக் குழந்தைக்கு வைக்காதே. குழந்தை பாவம், தன் பெயரில் தான் மட்டும் குடியிருக்க வேண்டும்.

உனக்கு எட்டு வயதில் ஒரு கல்லறைத் திருநாளன்று நான் உன்னை அறைந்தது நினைவிருக்கிறதா? சுவரோரச் சிலுவைக்கு முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீ சிலுவையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "அண்ணன் இத்தாலியிலல்லோ இருக்குது? இங்கே எதுக்குங்கம்மா மெழுகுவத்தி, அதுவும் ரெண்டு?" என்று கேட்டாய். கேட்ட வாய் மூடும் முன் அறை விழுந்தது. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உன்னை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான். நீ சரியாகத்தான் கேட்டாய். ஒரு மெழுகுவர்த்தி அங்கே இருப்பவனுக்கு. மற்றது, வைப்பதற்கு வேறு இடம் இல்லாதவனுக்கு.

இப்போது உன்னிடம் வருகிறேன். சீனாக்காரன் சண்டை வந்ததிலிருந்து நீ ரேடியோக் கடை வாசலிலேயே நின்றாய். மில் பையன்கள் நாலு பேர் போனார்கள், நீயும் போய் மார்பு அளவு கொடுத்துவிட்டு வந்தாய். சான்றிதழைக் காட்டினேன், எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லி மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தாய். அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் வாயைக் கட்டிக்கொண்டேன். பிறகு ஸ்டேஷனிலாவது சொல்லியிருக்கலாம். மேட்டுப்பாளையம் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தோம். லூர்து உன்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

"அங்கே காலைல நாலு மணிக்கு எழுப்புவாங்களாம். நம்ம ஐயா ஏழு மணிக்கு எந்திரிக்கற ஆளு."

"கம்முனு இரு அம்மணி. உன்னைய விட நாலு வயசு மூத்தவன் நானு. மரியாதையாப் பேசு."

"மூத்தவன்னா உன் பெட்டியை நீயே தூக்கிக்கோ. எனக்குக் கை வலிக்குது."

நீ சிரித்தாய். நாலு வயது இல்லை கண்ணு, இரண்டே வயதுதான் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. உன் அப்பா பக்கத்தில் நின்றார். ரயில் வந்துவிட்டது. "போய்ட்டு வாரேனுங்கம்மா, அழுகாதீங்க, நாயக் பதவி வாங்கிட்டுத் திரும்பி வாரேன் பாருங்க" என்று சொல்லி ஏறினாய். நான் கையைக் கூட ஆட்டவில்லை. உன் அண்ணன் கிளம்பிய அன்றும் நான் இதே மாதிரி மரம் போல நின்றேன்.

நேற்று முன்தினம் லூர்தைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். இப்போது இருப்பவர் புதுச் சாமியார், சின்ன வயது. உன் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்றேன். "எதுக்குங்கம்மா?" என்று கேட்டார். "எம் பையன் வயசு அவங்களுக்குத் தெரியோணுமுங்க சாமி" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, மேலே கேட்காமல் எழுதிக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் பிறந்தாய், இரண்டாம் நாள் ஞானஸ்நானம். வருடமும் அதில் இருக்கிறது. உன் முகாம் அதிகாரிக்கு லூர்து இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிச் சொன்னது தாயாகிய நான், பையனுக்கு இது தெரியாது, அவனைத் தண்டிக்க வேண்டாம், வயது நிறையாதவன், வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று. மூன்று தடவை வாசிக்கச் சொல்லித் தமிழில் அர்த்தம் கேட்டுக்கொண்டுதான் கைநாட்டு வைத்தேன். என் வாழ்நாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து நான் கைநாட்டு வைத்த முதல் உண்மைத் தாள் அது. சான்றிதழையும் அதனுடன் வைத்து ஒட்டியாயிற்று. இந்தக் கடிதமும் அதுவும் நாளைக் காலை ஒன்றாகப் போகும். லூர்து பள்ளிக்கூடம் போகிற வழியில் நம் ஊருக்குள்ளேயே இருக்கும் ராமநாதபுரம் தபாலாபீஸில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா போடுகிற கையெழுத்து அதற்குப் பிறகுதான் அங்கே வந்து சேரும்.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். உன் அண்ணனுடைய சங்கதியையும் கிளறுவார்களோ, அவனுக்காக உன் அப்பாவுக்கு வருகிற பட்டாளத்து உதவிப் பணத்தை நிறுத்துவார்களோ, யாராவது காக்கிச் சட்டை போட்டவன் வாசலில் வந்து நிற்பானோ, தெரியாது. வந்தால் நான் பேசிக்கொள்கிறேன். இத்தனை வருடம் பேசாமல் வைத்திருந்தது நிறைய இருக்கிறது. எனக்கு இப்போது இருக்கிற பயம் லூர்தைப் பற்றித்தான். உன் அப்பா தெரிந்துகொண்டால் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார். நான் மட்டும் மாட்டிக்கொண்டால் போதும், நீ எழுத வேண்டாம், வேறு யாரையாவது பார்க்கிறேன் என்று முதல் நாளே அவளிடம் சொன்னேன். கேட்கவில்லை.

அண்ணா, இது லூர்து. அம்மா சொல்லாததை இரண்டு வரி எழுதுகிறேன். இப்போது வாசலில் யாரோ நடந்து போனார்கள், அப்பா என்று நினைத்துத் தாளை மறுபடியும் பாய்க்கு அடியில் தள்ளினேன். அம்மா என்னைத் தூங்கச் சொல்கிறாள். தூக்கம் வராது. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, ஆனாலும் போட்டுவிடுவேன். எழுந்ததிலிருந்து பெட்டிக்குள் போடும் வரைக்கும் யாரோடும் பேசாமல் போவேன். இனி அம்மா சொல்வது.

பட்டாளம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வயது நிறைந்த பிறகும் உனக்குப் போகத் தோன்றினால் போ. உன் பெயரில், உன் வயதில் போ. அன்றைக்கு நான் ஸ்டேஷனுக்கு வருவேன், தடுக்கமாட்டேன். இப்போது போகாதே. உன் கூட்டாளிகள் முன்னால் உன்னை வரிசையிலிருந்து கூப்பிட்டு, அம்மா கேட்கிறாள், வீட்டுக்குப் போ என்று சொல்லும்போது உனக்கு அவமானமாக இருக்கும். சிரிப்பார்கள். மில்லிலும் சிரிப்பார்கள், பால் குடிக்கப் போயிட்டு வந்தியாடா என்று கேட்பார்கள். அவ்வளவையும் உனக்குச் செய்தது நான்தான் என்று தெரிந்துகொண்டு வா. வாசலில் நின்று என்னைத் திட்டு. உள்ளே வந்தும் திட்டு. சாப்பிடாமல் இரு, பேசாமல் இரு, ஒரு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரு. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கோபம் குறைந்தால்தான் வருவேன் என்று மட்டும் எங்கேயும் தங்கிவிடாதே. கோபத்தோடேயே வா, சாமி.

உன் அம்மா.